இலைக்கு அடியில் இருக்கும் நண்பர்கள்



மழை விட்டு மூன்று வாரம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். செம்பனைக் குலை ஏற்றிய லோரி போகும்போதெல்லாம் செம்மண் புழுதி எழும்பி, லயத்து வீடுகளின் ஜன்னல் வரைக்கும் படிகிறது. வீட்டுக்குப் பின்னால் அம்மா ஆசையாக வளர்த்துவரும் கத்தரிச் செடியில், இலைகள் பச்சை நிறம் குறைந்து வெளிறிப் போகின்றன. ஊசி முனையால் குத்தியதுபோல இலை நிறையப் புள்ளிகள். ஒரு வாரம் போனால் இலை பழுப்பாகிக் காய்ந்து விழுகிறது. காய் சிறுத்துப் போகிறது.

அந்த வீட்டு அம்மா கணவரிடம் சொல்கிறார்: "ஏங்க, செடிக்கு என்னமோ நோய் கண்டிருக்கு. வேலை முடிஞ்சு வரும்போது ஸ்டோர்ல இருந்து கொஞ்சம் மருந்து கொண்டாங்களேன்."

அவரும் ஒரு தண்ணீர்ப் போத்தலில் கொஞ்சம் பூச்சி மருந்தை ஊற்றி எடுத்து வருகிறார். மருந்து அடித்த நான்கைந்து நாள் செடி நன்றாக இருப்பதுபோல் தெரிகிறது. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், முன்பு இரண்டு செடியில் இருந்த நோய் இப்போது பத்துச் செடியில் இருக்கிறது. பக்கத்து வீட்டு வெண்டிக்கும் போய்விட்டது. "மருந்து பத்தலை. இன்னும் கொஞ்சம் கூட்டி அடிக்கணும்" என்கிறார் அவர்.

நேயர்களே, இந்த வீடு நான் கற்பனையாகச் சொன்ன வீடுதான். ஆனால் இந்தத் தவறு கற்பனை அல்ல. உலகத்தில் எத்தனையோ நாடுகளில், படித்த விவசாயிகளும் பெரிய தோட்டங்களை நடத்தியவர்களும் செய்த தவறு இது. மருந்து போதாமல் நோய் பெருகவில்லை. அந்த மருந்தை அடித்ததால்தான் நோய் பெருகியது. அது எப்படி என்பதைத்தான் இன்றைய உரையில் பார்க்கப் போகிறோம்.

முதலில், அந்தக் கத்தரி இலைக்கு வந்தது என்ன? அதன் பெயர் சிலந்திப்பேன். சிலர் செம்பேன் என்றும் சொல்வார்கள். சிலந்தியைப் போலவே இதற்கும் எட்டுக் கால்கள் உண்டு. சிலந்தியைப் போலவே மெல்லிய நூலும் விடும். ஆனால் உருவம் அரை மில்லிமீட்டர்தான். ஒரு புள்ளி அளவு. இலையின் மேல்பக்கத்தில் தேடினால் கிடைக்காது. இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். அங்கே கூட்டமாக இருந்துகொண்டு, இலையின் சாற்றை உறிஞ்சும். உறிஞ்சிய இடம்தான் மேலே வெளிறிய புள்ளியாகத் தெரிகிறது. கூட்டம் மிகுந்துவிட்டால் இலைக்கும் காம்புக்கும் நடுவே ஒட்டடை கட்டியதுபோல நூல் படர்ந்திருக்கும்.

கத்தரி, வெண்டி, பயற்றங்காய், வெள்ளரி, மரவள்ளி, பப்பாளி என்று பல பயிர்களில் இது வரும். வெயில் காலத்தில் செம்பனை நாற்றங்காலில் உள்ள இளங்கன்றுகளையும் தாக்கும். கேமரன் மலைத் தேயிலையிலும் இதன் உறவுக்காரன் ஒன்று உண்டு.

சந்தேகம் இருந்தால் ஒரு சுலபமான சோதனை சொல்கிறேன். பிள்ளைகளின் பள்ளி நோட்டிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். அதன்மேல் இலையைப் பிடித்து இரண்டு தட்டுத் தட்டுங்கள். தாளில் விழுந்த புள்ளிகளைச் சிறிது நேரம் பாருங்கள். புள்ளி மெதுவாக நகர்ந்தால் அது சிலந்திப்பேன். பிள்ளைகளின் கண் நம் கண்ணைவிடக் கூர்மையானது. அவர்களையே பார்க்கச் சொல்லுங்கள்.

இந்தச் சிறிய உயிருக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது? அதன் பலம் அதன் வேகத்தில் இருக்கிறது. நம் நாட்டு வெப்பத்தில் முட்டையிலிருந்து முழுப் பேனாக வளர ஏழெட்டு நாள் போதும். ஒரு பெண் பேன் தன் சிறிய ஆயுளில் 100 முட்டை வரை இடும். அதில் 50 பெண் பேன் பிழைத்து, அவை ஒவ்வொன்றிலிருந்தும் மறுபடி 50 பிழைத்தால், இரண்டே தலைமுறையில் 2,500. மூன்றாம் தலைமுறையில் 125,000. ஆண் துணை இல்லாவிட்டாலும் பெண் பேன் முட்டையிடும். அந்த முட்டைகளிலிருந்து ஆண் பேன்கள் வரும். ஆகவே காற்றில் பறந்து வந்த ஒரே ஒரு பெண் பேன் போதும், ஒரு கொல்லையை நிரப்புவதற்கு.

இதைக் கேட்டதும் ஒரு கேள்வி வர வேண்டும். இப்படிப் பெருகும் பேன், உலகத்தில் உள்ள செடிகளையெல்லாம் ஏன் இதுவரை தின்று தீர்க்கவில்லை? அதற்குக் காரணம், இதைத் தின்பதற்கென்றே சில உயிர்கள் அதே இலையின் அடியில் குடியிருப்பதுதான். அவைதான் நம் நண்பர்கள். நமக்குக் கூலி கேட்காமல் இரவும் பகலும் வேலை செய்யும் நண்பர்கள்.

அவர்களில் முக்கியமானது, பேனைத் தின்னும் பேன். அதுவும் சிலந்திப்பேன் அளவுதான் இருக்கும். ஆனால் அடையாளம் கண்டுகொள்ளலாம். கெட்ட பேன் ஓரிடத்தில் உட்கார்ந்து சாறு குடிக்கும், மெதுவாக நகரும். நல்ல பேன் உடல் பளபளப்பாக, வெளிர் மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ இருக்கும். வெள்ளைத் தாளில் விழுந்தால் இங்கும் அங்கும் வேகமாக ஓடும். இரை தேடும் விலங்கு ஓடத்தானே செய்யும்! இதில் ஒரு வகை, தன்னந்தனியாக ஒரே நாளில் சிலந்திப்பேனின் முட்டைகளில் 20 வரை தின்னும். இப்படிப்பட்ட நல்ல பேன்களைச் சில நாடுகளில் கூடங்களில் வளர்த்து, புட்டியில் அடைத்து விவசாயிகளுக்கு விற்கிறார்கள். நம் நாட்டுச் செடிகளில் இவை தாமாகவே வாழ்கின்றன.

இரண்டாவது நண்பன், கடுகளவே உள்ள ஒரு கறுப்புப் பொறிவண்டு. பொறிவண்டு என்றால் சிவப்பு முதுகில் கறுப்புப் புள்ளி உள்ளதுதான் பலருக்கு நினைவுக்கு வரும். இது அதைவிட மிகச் சிறியது, முழுக்கக் கறுப்பு. இதுவும் இதன் குஞ்சும் சிலந்திப்பேனையே உணவாகக் கொண்டவை. மூன்றாவது, வலை போன்ற பச்சை இறக்கை உடைய பூச்சியின் புழு. இன்னும் சில உண்டு. எல்லாப் பெயரையும் நாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இலையில் ஊர்வதெல்லாம் எதிரி அல்ல என்பதை நினைவில் வைத்தால் போதும்.

இப்போது அந்தக் கற்பனை வீட்டுக்குத் திரும்பிப் போவோம். கடுமையான பூச்சி மருந்தை அடித்தபோது என்ன நடந்தது? இலையின் மேலும் கீழும் ஓடித் திரிந்த நல்ல பேனும் பொறிவண்டும் முதலில் செத்தன. சிலந்திப்பேனில் பாதி செத்திருக்கலாம். ஆனால் அதன் முட்டைகள் சாகவில்லை. நூலுக்குள் ஒளிந்திருந்தவை சாகவில்லை. அந்த மருந்தைத் தாங்கும் சக்தி உள்ளவை சாகவில்லை. ஒரு வாரத்தில் முட்டைகள் பொரித்தன. இப்போது தின்ன இலை இருக்கிறது. தடுக்க நண்பன் இல்லை. காவல்காரனைக் கொன்றுவிட்டுக் கதவையும் திறந்து வைத்ததுபோல ஆயிற்று. நண்பர்கள் திரும்பி வந்து பெருகுவதற்கு நாள் பிடிக்கும். இரை பெருகிய பிறகுதானே இரை தேடும் உயிர் பெருக முடியும்? அதற்குள் செடி காய்ந்துவிடும். மருந்தைக் கூட்டி அடித்தால், தாங்கும் சக்தி உள்ள பேன்களின் பிள்ளைகள் மட்டுமே மிஞ்சும். அதன்பின் எந்த மருந்தும் கேட்காது.

1940களில் டிடிடி என்ற மருந்து வந்தபோது உலகமே அதைக் கொண்டாடியது. அதன் பிறகுதான், அதுவரை யாரும் பெரிதாக எண்ணாத சிலந்திப்பேன் ஆப்பிள் தோட்டங்களிலும் பருத்திக் காடுகளிலும் பெரும் தொல்லையாகத் தலையெடுத்தது.

நம் நாட்டிலேயே நடந்த ஒன்றையும் சொல்கிறேன். சபா மாநிலத்தில், தாவாவ் பக்கத்தில், 1950களின் பிற்பகுதியில் காட்டை அழித்துக் கொக்கோ பயிரிட்டார்கள். பூச்சி வந்தது. டிடிடி போன்ற கடுமையான மருந்துகளைத் திரும்பத் திரும்ப அடித்தார்கள். அடிக்க அடிக்கப் பூச்சி கூடியது. கிளையைத் துளைக்கும் புழு, பட்டையைத் துளைக்கும் புழு, பைப்புழு என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1961ஆம் ஆண்டில் ஒரு துணிச்சலான முடிவு எடுத்தார்கள். எல்லாவற்றையும் கொல்லும் மருந்தை நிறுத்திவிட்டார்கள். நிறுத்திய பிறகு, புழுவின் உடலில் முட்டையிட்டு அதைக் கொல்லும் சிறு குளவிகள் திரும்பி வந்தன. கிளை துளைக்கும் புழு அடங்கியது. பட்டை துளைக்கும் புழுவுக்கு உறைவிடமாக இருந்த காட்டு மரத்தை அகற்றினார்கள், அதுவும் குறைந்தது. பைப்புழுவுக்கு மட்டும், நண்பர்களை அதிகம் தாக்காத ஒரு மருந்தைத் தேர்ந்தெடுத்துப் பயன்படுத்தினார்கள்.

இந்தப் பாடம் செம்பனைத் தோட்டங்களுக்கும் வந்தது. செம்பனைச் சாலை ஓரங்களில் மஞ்சள் பூவும் வெள்ளைப் பூவும் பூக்கும் குட்டைச் செடிகளை வரிசையாக நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இளஞ்சிவப்புப் பூக்கொடியும் சில இடங்களில் படர்ந்திருக்கும். தோட்டம் அழகாக இருக்கட்டும் என்று மட்டும் வைத்தவை அல்ல அவை. பைப்புழுவைக் கொல்லும் குளவிகளுக்கு அந்தப் பூவின் தேன்தான் சாப்பாடு. மரங்களுக்கு நடுவே கம்பத்தில் பெட்டி கட்டி ஆந்தைக்கு வீடு கொடுத்திருப்பதும் எலியைப் பிடிக்கத்தான். பெரிய தோட்டமே பூவையும் ஆந்தையையும் நம்பும்போது, நம் வீட்டுக் கொல்லையில் நாம் ஏன் போத்தல் மருந்தை மட்டும் நம்ப வேண்டும்?

சரி, செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். சகோதரிகள் கவனமாகக் கேளுங்கள். பெரும்பாலும் கொல்லையைப் பார்த்துக்கொள்பவர்கள் நீங்கள்தான்.

முதல் மருந்து தண்ணீர். சிலந்திப்பேனுக்குப் பிடித்தது வெயிலும் புழுதியும். பிடிக்காதது ஈரம். வெயில் காலத்தில் செடியை வாட விடாதீர்கள். வாடிய செடியில் பேன் விரைவாகப் பெருகும். வேரைச் சுற்றி வெட்டிய புல்லையோ காய்ந்த இலையையோ பரப்பினால் ஈரம் நிற்கும். இரண்டு நாளுக்கு ஒரு முறை, காலையில், இலையின் அடிப்பக்கம் நனையும்படி தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடியுங்கள். புழுதி போகும்; பேனும் நூலும் கழுவிக்கொண்டு போகும். காலையில் செய்தால் வெயில் வந்ததும் இலை உலர்ந்துவிடும். ஆரம்பத்திலேயே கண்டுவிட்டால் பல சமயம் இதுவே போதும்.

இரண்டாவது, மிகவும் பழுத்துப்போன அடி இலைகளைக் கிள்ளி, ஒரு பையில் போட்டுக் கட்டி அப்புறப்படுத்துங்கள். கிள்ளிய இலையைச் செடியின் காலடியிலேயே போட்டால் பேன் மறுபடி ஏறிவிடும். நோய் கண்ட செடியைத் தொட்ட கையோடு நல்ல செடியைத் தொடாதீர்கள். ஆனால் இலேசாகப் புள்ளி விழுந்த இலைகளை விட்டுவையுங்கள். அங்கேதான் நண்பர்கள் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

மூன்றாவது, சவர்க்காரத் தண்ணீர். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி, மிஞ்சிப் போனால் இரண்டு தேக்கரண்டி, காரமில்லாத திரவச் சவர்க்காரம். துணி வெளுக்கும் தூள் வேண்டாம். அது இலையைக் கருக்கிவிடும். முதலில் இரண்டு மூன்று இலையில் மட்டும் அடித்து ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். இலை கருகவில்லை என்றால், வெயில் சாய்ந்த பிறகு, எல்லா இலையின் அடிப்பக்கத்திலும் நன்றாகப் படும்படி அடியுங்கள். சவர்க்காரம் பட்ட பேன்தான் சாகும், முட்டை சாகாது. ஆகவே ஐந்து நாள் இடைவெளி விட்டு மூன்று முறை அடிக்க வேண்டும். நேரே பட்டால் நண்பனும் சாவான் என்பது உண்மைதான். ஆனால் காய்ந்த பிறகு சவர்க்காரத்தில் நஞ்சு எதுவும் மிஞ்சாது. மறுநாள் வந்து சேரும் நண்பனுக்கு ஆபத்தில்லை. கடுமையான மருந்துக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான்.

நான்காவது, வேப்பெண்ணெய். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெய். எண்ணெய் தண்ணீரோடு கலப்பதற்காகச் சில துளி சவர்க்காரம். நன்றாகக் குலுக்கி, கலந்த அன்றே அடித்துவிடுங்கள். இதையும் மாலையில்தான் அடிக்க வேண்டும்.

மிளகாய்ச் செடிக்கு ஒரு தனி வார்த்தை. மிளகாயின் கொழுந்து இலை ஒடுங்கி, ஓரம் கீழ்நோக்கிச் சுருண்டு, அடிப்பக்கம் பழுப்பேறி இருந்தால் அது வேறொரு பேன். சிலந்திப்பேனைவிடச் சிறியது, நூல் விடாது. இதற்குத் தண்ணீரில் கரைக்கும் கந்தகத் தூள் நன்றாகக் கேட்கும். சீட்டில் உள்ள அளவைத் தாண்டாதீர்கள். கொளுத்தும் வெயிலில் அடிக்காதீர்கள். எண்ணெய் அடித்த செடிக்கு இரண்டு வாரத்துக்குள் கந்தகம் அடித்தால் இலை கருகும். வெள்ளரி, பூசணி வகைகளுக்குக் கந்தகம் ஆகாது.

இவ்வளவும் செய்து அடங்கவில்லை என்றால், விவசாய இலாகா அதிகாரியிடம் ஒரு இலையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். பேனுக்கென்றே உள்ள மருந்தை அவர் சொல்வார். பூச்சிக்கு அடிக்கும் மருந்துகளில் பல, எட்டுக்கால் பேனுக்குக் கேட்பதே இல்லை. கடையில் வாங்கும்போது சீட்டைப் பாருங்கள். 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு செய்த மருந்துக்கு எல்.ஆர்.எம்.பி. என்று தொடங்கும் எண் இருக்கும். எண் இல்லாத மருந்தை வாங்காதீர்கள். சீட்டில் உள்ள நிறப் பட்டை நஞ்சின் கடுமையைக் காட்டும். கறுப்பு மிகக் கடுமை. அடுத்துச் சிவப்பு, பிறகு மஞ்சள், நீலம், வெள்ளை. மருந்தடித்த பிறகு எத்தனை நாள் கழித்துக் காய் பறிக்கலாம் என்பதும் அங்கேயே இருக்கும். அந்த நாள் முடியுமுன் பறித்த காய் குழம்புக்கு ஆகாது.

கடைசியாக, ஆனால் இவை எல்லாவற்றையும்விட முக்கியமாக, அந்தத் தண்ணீர்ப் போத்தலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தோட்டத்து ஸ்டோரில் உள்ள மருந்தை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். அது வேறு பயிருக்கு, வேறு அளவுக்கு, பாதுகாப்பு உடை போட்டு அடிக்க வேண்டிய மருந்து. அதைவிட, குடிக்கும் போத்தலில் ஊற்றிய மருந்து பிள்ளையின் கண்ணுக்குச் சர்பத்தாகத் தெரியும். பாராகுவாட் என்ற களைக்கொல்லியைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள் அறிவார்கள். அது ஒரு வாய் உள்ளே போனாலே உயிர் போய்விடும். முறிவு மருந்து கிடையாது. 2020ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி முதல் நம் நாட்டில் அதற்குத் தடை. தடை வந்துவிட்டது என்பதால், யார் வீட்டுப் பரணிலோ கோழிக்கூண்டிலோ இருக்கும் பழைய போத்தல் காலியாகிவிடவில்லை. இன்றைக்கே தேடிப் பாருங்கள். இருந்தால் ஆற்றிலோ கால்வாயிலோ கொட்டாதீர்கள். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைத்துவிட்டு, எப்படி ஒப்படைப்பது என்று விவசாய இலாகாவிடம் கேளுங்கள்.

களைக்கொல்லி அடித்த பம்பையும் காய்கறிக்குப் பயன்படுத்தாதீர்கள். எத்தனை முறை கழுவினாலும் குழாயில் ஒட்டியிருக்கும் கொஞ்சம் மருந்து செடியைக் கெடுத்துவிடும். சவர்க்காரத் தண்ணீருக்கு ஒரு சிறிய கைப்பம்பைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

தவறி யாராவது மருந்தை விழுங்கிவிட்டால், வாந்தி எடுக்க வைக்க முயலாமல், 999ஐ அழையுங்கள். அல்லது உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மருந்துப் போத்தலை அல்லது சீட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் டாக்டர் விரைவாக வைத்தியம் செய்ய முடியும்.

நேயர்களே, நாளைக் காலையில் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். கொல்லைக்குப் போய் ஒரு கத்தரி இலையைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளைத் தாளில் தட்டிப் பாருங்கள். மெதுவாக நகரும் புள்ளிகளுக்கு நடுவே வேகமாக ஓடும் ஒரு புள்ளி தெரிந்தால், கடுகளவு கறுப்பு வண்டு ஒன்று தெரிந்தால், உங்கள் வேலையைச் செய்ய ஆள் வந்துவிட்டது என்று பொருள். அந்தச் செடிக்குத் தண்ணீர் மட்டும் ஊற்றிவிட்டு ஒரு வாரம் பொறுத்திருங்கள். பக்கத்து வீட்டு அக்காவின் வெண்டியில் பேன் இருந்து நண்பன் இல்லை என்றால், உங்கள் செடியிலிருந்து நண்பர்கள் உள்ள ஓர் இலையைக் கிள்ளிக் கொண்டுபோய் அந்த வெண்டி இலைமேல் வையுங்கள்.

அப்படி வளர்ந்த கத்தரிக்காயை எந்தப் பயமும் இல்லாமல் பிள்ளைக்குச் சமைத்துக் கொடுக்கலாம்.